கால்வாய்க் கரையும் ஆடிக்காற்றும்

நாற்பதைத் தாண்டியபின் என் முழங்கால் ஏற்றத்துக்கு ஒத்துழைப்பதில்லை. ஏற்றமே இல்லாத சைக்கிள் பாதை தேடியபோது கிடைத்தது கல்லணைக் கால்வாயின் கரை. மேட்டூர் அணை வந்த 1934-இல் திறந்த கால்வாய். ஊர்க்காரர்களுக்கு இன்னமும் 'புது ஆறு'தான்.

கரை ஏன் இவ்வளவு சமமா இருக்கு? கால்வாயில் தண்ணீர் தானாக ஓட வேண்டும். சரிவு கூடினால் மண்ணை அரிக்கும். குறைந்தால் வண்டல் படியும். அதனால் கண்ணுக்குத் தெரியாத அளவு சரிவில்தான் வெட்டுவார்கள். கரையும் அதே சரிவில் கூடவே வரும்.

ஆனால் நான் ஒன்றை மறந்துட்டேன். ஓர் ஆடி மாதம் கல்லணையிலிருந்து தஞ்சாவூருக்குப் பறந்து போனேன். முழங்கால் தேறிடுச்சுன்னு நினைச்சேன். திரும்பும்போதுதான் புரிந்தது: தள்ளியது மேல்காற்று.

காற்றுத்தடை வேகத்தின் வர்க்கத்தில் கூடும். நாம் மணிக்கு 15 கிலோமீட்டரில் போக, எதிரே காற்றும் 15-இல் வந்தால், தடை இரண்டு மடங்கு அல்ல, நான்கு மடங்கு. முழங்கால் இரண்டு நாள் வீங்கிக் கிடந்தது.

இப்போதெல்லாம் ஆடியில் தஞ்சாவூரில் தொடங்கி மேற்கே போகிறேன். தெம்பு இருக்கும்போதே எதிர்காற்று முடிந்துவிடும். களைத்துத் திரும்பும்போது அதே காற்று தள்ளிவிடும். பஞ்சர் சாமானும் கையோடு இருக்கட்டும். கருவேல முள்ளுக்கு எந்தத் திசையும் ஒன்றுதான்.