கொலஸ்ட்ரோல் குளிசையும் நமது கவனயீனமும்

பம்பலப்பிட்டியில் காலி வீதியோரமாக உள்ள மருந்தகங்களில் மாலை வேளைகளில் நிற்பவர்களைச் சற்று அவதானித்தால் ஓர் உண்மை புலப்படும். கையில் வைத்தியரின் துண்டுடன் வருபவர்களைப் போலவே, வெற்றுக் குளிசை அட்டையின் ஒரு மூலையை மட்டும் வெட்டிக் கொண்டுவந்து, "இதில் பத்துத் தாருங்கள்" என்று கேட்பவர்களையும் அங்கு காணலாம். அவ்வாறு கேட்கப்படும் மருந்துகளில் குருதி அமுக்கத்திற்கும் நீரிழிவுக்கும் உரியவற்றுடன் கொலஸ்ட்ரோல் குளிசையும் முன்வரிசையில் இருக்கின்றது. வைத்தியரின் பரிந்துரையின்றி வாங்கக்கூடாத ஒரு மருந்து, தலைவலிக் குளிசையைப் போல வீட்டுச் சாமானாகிவிட்டது. அதனைப் பாதுகாப்பாக உட்கொள்வது எவ்வாறு என்பதைப் பற்றியே இங்கு பேச விரும்புகின்றோம்.

கொலஸ்ட்ரோல் என்றதும் தேங்காய்ப்பாலும் முட்டையும் பொரித்த ரோல்ஸுமே நமது நினைவுக்கு வருகின்றன. எனினும் உடலிலுள்ள கொலஸ்ட்ரோலின் பெரும்பங்கை உடலே, குறிப்பாக ஈரலே, உற்பத்தி செய்கின்றது. இவ்வுற்பத்திக்கு இன்றியமையாத ஒரு நொதியத்தைத் தடுப்பனவே ஸ்டாட்டின் வகை மருந்துகள். உற்பத்தி குறைந்ததும், ஈரல் தனது தேவைக்காகக் குருதியிலிருந்து எல்.டி.எல். எனப்படும் கெட்ட கொலஸ்ட்ரோலைக் கூடுதலாக உறிஞ்சத் தொடங்குகின்றது. இவ்வகையின் முதற் பொருளை 1973 இல் ஜப்பானிய விஞ்ஞானி அகிரா எண்டோ பூஞ்சணம் ஒன்றிலிருந்து கண்டறிந்தார். 1987 இல் லோவாஸ்டாட்டின் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. நம்மவர் இன்று உட்கொள்ளும் அட்டோர்வாஸ்டாட்டின், ரொசுவாஸ்டாட்டின், சிம்வாஸ்டாட்டின் யாவும் அந்த மரபில் வந்தவையே.

இம்மருந்தினால் உண்மையில் உயிர் காக்கப்படுகின்றதா என்ற கேள்விக்கு 1994 இல் ஸ்கண்டிநேவிய நாடுகளிலிருந்து தெளிவான விடை கிடைத்தது. ஏற்கெனவே இருதய நோய்க்கு ஆளான 4,444 பேர் இரு பிரிவினராக வகுக்கப்பட்டு ஐந்து ஆண்டுகளுக்கு மேலாக அவதானிக்கப்பட்டனர். போலிக் குளிசை பெற்றவர்களில் 256 பேர் மரணமடைந்தனர். சிம்வாஸ்டாட்டின் பெற்றவர்களில் 182 பேர் மரணமடைந்தனர். எனவே மாரடைப்போ பாரிசவாதமோ ஏற்கெனவே வந்த ஒருவருக்கு இக்குளிசை ஓர் அலங்காரமல்ல. ஆயினும் நமது சமூகத்தில் காணப்படும் மிக ஆபத்தான பழக்கம் இதனைக் கூடுதலாக உட்கொள்வதன்று, இடைநடுவில் நிறுத்திவிடுவதே ஆகும். "குருதிப் பரிசோதனையில் கொலஸ்ட்ரோல் நோமலாகிவிட்டது, இனி எதற்கு?" என்பது வழமையான வாதம். நோமலாகியது குளிசையினால்தான். அதனை நிறுத்தினால் சில வாரங்களிலேயே அளவு மீண்டும் பழைய இடத்திற்கு ஏறிவிடும். இது ஐந்து நாட்களில் முடியும் நுண்ணுயிர்க்கொல்லிச் சிகிச்சை போன்றதல்ல.

நிறுத்துவோர் ஒருபுறமிருக்க, அறியாமலே இருமடங்கு உட்கொள்வோரும் உள்ளனர். கொழும்புத் தமிழ்க் குடும்பங்களில் இதற்கான வாய்ப்பு அதிகம். முதியவர் ஒருவர் மாதந்தோறும் தேசிய வைத்தியசாலையிலோ களுபோவில வைத்தியசாலையிலோ கிளினிக்குக்குச் செல்கின்றார். அங்கு இலவசமாகக் கிடைக்கும் அட்டோர்வாஸ்டாட்டினைக் கொண்டுவருகின்றார். இடையில் ஒரு நாள் நெஞ்சு நோகின்றது என்று தனியார் வைத்திய நிபுணரைக் காண்கின்றார். அவரும் அதே மருந்தை வேறொரு வர்த்தகப் பெயரில் எழுதுகின்றார். கனடாவிலிருந்தோ இலண்டனிலிருந்தோ வந்த மகள் மூன்றாவதாக ஒரு போத்தலைக் கொடுத்துவிட்டுப் போகின்றார். நிறம் வேறு, வடிவம் வேறு, பெயர் வேறு. ஆகவே மூன்றும் வெவ்வேறு நோய்களுக்கானவை என்று எண்ணி மூன்றையுமே அவர் விழுங்கினால் அவரைக் குறைகூற முடியுமா? போதாக்குறைக்கு, குளிசையைச் சுற்றித்தரும் கடதாசி உறையில் எழுதப்பட்டிருப்பதை அவரால் வாசிக்க முடிவதில்லை. அது பெரும்பாலும் ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ, அதுவும் கிறுக்கலாகவே இருக்கின்றது. தமிழும் அரசகரும மொழியாக உள்ள நாட்டில் மருந்து உறை மட்டும் விதிவிலக்காக இருப்பது ஏன் என்பது தனியே எழுதப்பட வேண்டிய விடயம்.

இதற்குரிய பரிகாரம் மருந்தின் பொதுப்பெயரை அறிந்துகொள்வதே. வர்த்தகப் பெயர்கள் பலவாக இருக்கலாம், பொதுப்பெயர் ஒன்றே. இந்த எளிய உண்மையை அரச கொள்கையாக்கிய பெருமை பேராசிரியர் சேனக பிபிலேயைச் சாரும். 1971 இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டபோது அதன் முதல் தலைவராக இருந்த அவர், பெயருக்காகப் பணம் செலுத்தாமல் மருந்துக்காகப் பணம் செலுத்தும் முறையை இந்நாட்டில் ஏற்படுத்த முயன்றார். 2015 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபை அமைக்கப்பட்டது. வைத்தியர் துண்டில் பொதுப்பெயரை எழுதவேண்டும் என்பதும் அச்சட்டத்தின் எதிர்பார்ப்பாகும். பொதுப்பெயர் மருந்துகளின் தரம் குறித்துச் சிலருக்கு ஐயம் இருப்பதை நாம் அறிவோம். 2022 இன் மருந்துத் தட்டுப்பாடும், அதன்பின் 2023 இல் வெளிவந்த தரமற்ற இமியூனோகுளோபுலின் விவகாரமும் அந்த ஐயத்தை வளர்த்தன. ஆயினும் ஐயத்திற்கு விடை, பதிவுபெற்ற மருந்தகத்தில் பற்றுச்சீட்டுடன் வாங்குவதேயன்றி, விலை கூடிய பெயரைத் தேடிச் செல்வதல்ல. குளிசை அட்டையை வெட்டித் தரும்போது பெயரும் காலாவதித் திகதியும் உள்ள பகுதியைக் கேட்டு வாங்கிக்கொள்வதும் நல்லது.

இனிப் பக்கவிளைவுகளைப் பார்ப்போம். 2001 ஓகஸ்டில் செரிவாஸ்டாட்டின் என்ற மருந்தை பேயர் நிறுவனம் சந்தையிலிருந்து மீளப்பெற்றது. தசைகள் சிதைந்து, அச்சிதைவுகள் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்ததனால் 52 மரணங்கள் அவ்வேளையில் அறிவிக்கப்பட்டிருந்தன. அவர்களுள் பலர் ஜெம்ஃபைப்ரோசில் என்ற மற்றொரு கொழுப்புக் குறைப்பு மருந்தையும் சேர்த்து உட்கொண்டவர்கள். இன்று பாவனையிலுள்ள ஸ்டாட்டின்களில் இத்தகைய தசைச் சிதைவு மிக அரிது. எனினும் அடையாளங்களை அறிந்திருப்பது அவசியம். காரணமின்றித் தொடைகளிலும் தோள்களிலும் கடும் வலியோ பலவீனமோ ஏற்பட்டு, சிறுநீர் கோலாவின் நிறத்தில் கழியுமாயின், குளிசையை நிறுத்திவிட்டு அன்றைய தினமே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். அடுத்த கிளினிக் திகதி வரை காத்திருக்கக் கூடாது. தைரோயிட் சுரப்புக் குறைந்தவர்கள், சிறுநீரக நோயாளர், முதியோர், மது மிகுதியாக அருந்துவோர் ஆகியோருக்கு இவ்வாபத்து சற்றுக் கூடுதலாகும்.

சாதாரண உளைவுக்கும் நோவுக்கும் குளிசையையே குற்றவாளியாக்குவது வேறு விடயம். 2020 இல் இலண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள், பக்கவிளைவு காரணமாக ஸ்டாட்டினை நிறுத்தியிருந்த 60 பேரிடம் ஒரு சோதனை நடத்தினர். சில மாதங்கள் உண்மைக் குளிசை, சில மாதங்கள் போலிக் குளிசை, சில மாதங்கள் எதுவுமே இல்லை. உண்மைக் குளிசையின்போது ஏற்பட்ட உபாதையின் 90 சதவீதம் போலிக் குளிசையின்போதும் ஏற்பட்டது! உபாதை பொய்யல்ல, அவர்கள் நோவை உணர்ந்தார்கள். ஆனால் அதற்குக் காரணம் பெரும்பாலும் மருந்தன்று, மருந்தைப் பற்றிய அச்சம். அதை அறிந்தபின் அவர்களுள் ஏறக்குறைய பாதிப்பேர் மீண்டும் குளிசையைத் தொடங்கினர். வட்ஸ்அப்பில் வரும் எச்சரிக்கைகளை வாசித்துவிட்டுக் குளிசையை வீசுபவர்கள் இதனையும் வாசிப்பது நன்று.

மெய்யான ஆபத்து பெரும்பாலும் பிற மருந்துகளுடன் சேரும்போதே எழுகின்றது. தொண்டைநோவுக்கும் சளிக்கும் எழுதப்படும் கிளரித்ரோமைசின், எரித்ரோமைசின், பூஞ்சணத் தொற்றுக்கான இட்ராகோனசோல் முதலியவை, சிம்வாஸ்டாட்டினும் அட்டோர்வாஸ்டாட்டினும் உடலிலிருந்து நீங்குவதைத் தடுத்துக் குருதியில் அவற்றின் செறிவை உயர்த்திவிடும். சில நாட்களுக்கு ஸ்டாட்டினை நிறுத்திவைக்க வேண்டுமா என்பதை வைத்தியரே தீர்மானிப்பார். அதற்கு அவரிடம் நாம் முதலில் சொல்லவேண்டும். குருதி அமுக்கத்திற்காக அம்லோடிபின் உட்கொள்பவர், சிம்வாஸ்டாட்டினை நாளொன்றுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் எடுக்கலாகாது. மேலைநாட்டு நூல்கள் கிரேப்ஃப்ரூட் சாற்றைத் தவிர்க்குமாறு கூறும். அது நம்மவருக்குப் பழக்கமில்லாத பழம். ஆனால் அதன் நெருங்கிய உறவான பம்பளிமாசிலும் அதே வகைப் பொருட்கள் உண்டு என்பதால், இவ்விரு மருந்துகளையும் உட்கொள்வோர் அதனைத் தட்டுத்தட்டாக உண்பதைத் தவிர்ப்பது நலம்.

ரொசுவாஸ்டாட்டின் விடயத்தில் நமக்கென்றே ஓர் எச்சரிக்கை உண்டு. இந்திய வம்சாவளியினர் உட்பட ஆசியர்களின் குருதியில் இம்மருந்து வெள்ளையர்களைவிட ஏறக்குறைய இருமடங்கு செறிவை அடைவதால், 5 மில்லிகிராமில் தொடங்குமாறு அமெரிக்க மருந்துக் குறிப்பு அறிவுறுத்துகின்றது. வெளிநாட்டிலிருந்து வரும் 40 மில்லிகிராம் குளிசைப் போத்தலை உறவினர் அன்போடு தந்தாலும் வைத்தியரிடம் காட்டாமல் திறக்கக்கூடாது.

தொடங்குமுன் ஈரல் பரிசோதனை ஒன்று செய்வது வழமை. பின்னர் அறிகுறியின்றி அடிக்கடி செய்யத் தேவையில்லை என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2012 இல் தெரிவித்தது. கண்கள் மஞ்சளானால் மட்டும் தாமதிக்கலாகாது. குருதியில் சீனி சிறிதளவு உயரக்கூடும். நீரிழிவின் விளிம்பில் உள்ளவர்கள் சீனியைச் சோதித்துக்கொண்டே மருந்தைத் தொடரலாம். கர்ப்பந்தரிக்க எண்ணும் பெண்கள் முன்கூட்டியே வைத்தியருடன் கலந்துபேச வேண்டும். பாலூட்டும் காலத்தில் இம்மருந்து பரிந்துரைக்கப்படுவதில்லை.

எந்நேரம் உட்கொள்வது என்று பலரும் வினவுகின்றனர். சிம்வாஸ்டாட்டினை இரவில் உட்கொள்வது பொருத்தம்; அட்டோர்வாஸ்டாட்டினையும் ரொசுவாஸ்டாட்டினையும் எந்நேரத்திலும், உணவுக்கு முன்னரோ பின்னரோ உட்கொள்ளலாம். ஆகவே கந்தசஷ்டி விரதமிருப்பவர்களும் நோன்பிருப்பவர்களும் இதற்காக மட்டும் மருந்தைக் கைவிட வேண்டியதில்லை, நேரத்தை மாற்றினால் போதும். ஒரு நாள் மறந்துபோனால் மறுநாள் வழமையான ஒன்றையே எடுக்கவேண்டும், இரண்டைச் சேர்த்தல்ல. அடுத்த முறை கிளினிக்குக்கோ தனியார் வைத்தியரிடமோ செல்லும்போது, வீட்டிலுள்ள எல்லாக் குளிசைகளையும், ஆயுர்வேத உருண்டைகளையும் வெளிநாட்டுப் போத்தல்களையும் சேர்த்து, ஒரே பையில் போட்டுக் கிளினிக் கொப்பியுடன் எடுத்துச் சென்று மேசையில் பரப்பிக் காட்டுங்கள்.