நெடுக்கே ஓடும், குறுக்கே ஓடாது

போன வாரம் வீட்டு மிக்ஸி சட்டினி அரைக்கும்போதே திணறி நின்றுவிட்டது. மதுரை சிம்மக்கல் பக்கம் ஒரு பழுது பார்க்கும் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். அடிமூடியைக் கழற்றிய தம்பி, "கார்பன் தேஞ்சுபோச்சுண்ணே, வேற ஒண்ணுமில்ல" என்று சொல்லி, பழைய துண்டுகள் இரண்டையும் என் உள்ளங்கையில் போட்டார். சுண்டுவிரல் நகத்தளவு கறுப்புக் கட்டிகள். ஒரு முனை தேய்ந்து வளைந்திருந்தது. கட்டைவிரலால் தடவினால் வழுவழுவென்று மை ஒட்டியது.

இந்தக் கட்டியை ஒரு ஸ்பிரிங் பின்னாலிருந்து தள்ள, அது சுழலும் செம்புப் பட்டைகளின் மேல் நிமிடத்துக்குப் பல ஆயிரம் முறை உரசிக்கொண்டே மின்சாரத்தை உள்ளே கடத்துகிறது. செம்பின் மேல் செம்பையே உரசவிட்டால் இரண்டும் ஒன்றையொன்று பிறாண்டித் தின்றுவிடும். வழுக்கவும் வேண்டும், மின்சாரத்தைக் கடத்தவும் வேண்டும். இரண்டையும் ஒருசேரச் செய்வது கிராபைட். பென்சிலுக்குள் இருக்கும் அதே பொருள்தான்.

கரியில் மின்சாரம் ஓடுகிறது என்பதே பலருக்கு வியப்பாக இருக்கும். வைரமும் கரிதான். கிராபைட்டில் இருப்பதும் வைரத்தில் இருப்பதும் அதே கார்பன் அணு. வைரத்தில் மின்சாரம் அறவே ஓடாது. அணு ஒன்றாக இருந்தும் குணம் ஏன் இப்படி மாறுகிறது?

கார்பன் அணுவின் வெளிச்சுற்றில் நான்கு எலெக்ட்ரான்கள். வைரத்தில் அந்த நான்கும் சுற்றியுள்ள நான்கு அணுக்களோடு பிணைப்பில் மாட்டிக்கொள்கின்றன. நகர ஒன்றும் மிச்சமில்லை. கிராபைட்டில் அணுக்கள் தேன்கூட்டு வடிவில், தாள் தாளாக அடுக்கப்பட்டுள்ளன. ஒவ்வொரு அணுவும் மூன்று அண்டை அணுக்களோடு மட்டுமே கைகோர்க்கிறது. நான்காவது எலெக்ட்ரான் எந்த அணுவுக்கும் தனிச்சொந்தமில்லாமல் தாள் முழுக்க உலவுகிறது. தாளுக்குள் அணுவுக்கும் அணுவுக்கும் இடைவெளி 1.42 ஆங்ஸ்ட்ராம், தாளுக்கும் தாளுக்கும் 3.35. தாள்கள் ஒன்றன்மேல் ஒன்று தளர்வாகக் கிடப்பதால்தான் வழுக்குகிறது, எழுதுகிறது, மை ஒட்டுகிறது. அதே காரணத்தால், தாளின் நெடுக்கே ஓடும் மின்சாரம் ஒரு தாளிலிருந்து மறு தாளுக்குத் தாவத் திணறுகிறது.

எவ்வளவு திணறுகிறது என்று அளந்து சொன்னவர் நம் பக்கத்துக்காரர். சதுரகிரி மலையடிவாரத்து வத்திராயிருப்பில் 1898-இல் பிறந்து, ஸ்ரீவில்லிபுத்தூரில் பள்ளி முடித்து, மதுரை அமெரிக்கன் கல்லூரியில் படித்த கே.எஸ்.கிருஷ்ணன். 1928-இல் சி.வி.ராமனோடு சேர்ந்து ஒளிச்சிதறல் ஆய்வைச் செய்தவர் என்ற ஒரு வரியோடு அவரை நாம் நிறுத்திவிடுகிறோம். அது பெரிய அநியாயம். கல்கத்தாவில் பேராசிரியராக இருந்தபோது அவரும் கங்குலி என்ற ஆய்வாளரும் கிராபைட் படிகங்களைக் கையிலெடுத்தார்கள். 1939-இல் 'நேச்சர்' இதழில் வந்தது அவர்கள் முடிவு: தாளின் நெடுக்கே மின்சாரம் ஓடும் அளவுக்கும் குறுக்கே ஓடும் அளவுக்கும் பல ஆயிரம் மடங்கு வித்தியாசம். நுண்ணிய குவார்ட்ஸ் இழையில் படிகத்தைத் தொங்கவிட்டு, காந்தப் புலத்தில் அது எவ்வளவு திரும்புகிறது என்று பார்ப்பது கிருஷ்ணனின் கைவந்த கலை. கிராபைட்டின் காந்த குணமும் திசைக்குத் திசை பெரிதும் மாறுவதை அவர் கண்டார். இன்று உலகம் கொண்டாடும் கிராஃபீன், அந்தத் தாள்களில் ஒன்றைத் தனியே உரித்தெடுத்ததுதான்.

அந்தக் கிராபைட் நமக்குத் தூரத்துப் பொருளும் இல்லை. மதுரைக்குக் கிழக்கே ஒரு மணி நேரப் பேருந்துப் பயணத்தில் இருக்கும் சிவகங்கைச் சீமையின் செம்மண்ணுக்கடியில் கிடக்கிறது. தமிழ்நாடு கனிம நிறுவனம் அங்கே பாறையை வெட்டி, அரைத்து, நீரில் நுரையெழுப்பிப் பிரிக்கிறது. கிராபைட் துகள் தண்ணீரோடு ஒட்டாது. நுரையைப் பற்றிக்கொண்டு மேலே வந்துவிடும். மண் அடியில் தங்கிவிடும்.

வீட்டில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு இதைச் செய்து பாருங்கள். 6பி பென்சிலால் காகிதத்தில் பட்டையாக ஒரு கோடு, மை பளபளக்கும்வரை அழுத்திப் போடுங்கள். 9 வோல்ட் பேட்டரி, ஒரு சின்ன எல்.இ.டி. விளக்கு, இரண்டு வயர். சுற்றின் இரு முனைகளையும் கோட்டின் மேல் அருகருகே வைத்தால் விளக்கு எரியும். ஒரு முனையை மெல்ல விலக்கிக்கொண்டே போனால் வெளிச்சம் மங்கும். எரியாவிட்டால் விளக்கின் கால்களை மாற்றி வையுங்கள். வீட்டுக் கரண்டில் மட்டும் இந்த விளையாட்டு வேண்டாம்.

உலோகங்களின் கதை இன்னொரு மாதிரி. செம்பில் அணுவுக்கு ஓர் எலெக்ட்ரான் வீதம் எல்லாத் திசையிலும் உலவலாம். எலெக்ட்ரான் அலையாகவும் நடந்துகொள்ளும். அணுக்கள் ஒரே சீராக வரிசை கட்டி நின்றால், அந்த அலை தடையே இல்லாமல் கடந்துவிடும் என்று 1928-இல் பெலிக்ஸ் பிளாக் காட்டினார். திருமலை நாயக்கர் மகாலில் சரியான இடத்தில் நின்றால் தூண் வரிசைக்கு நடுவே கடைசிவரை பார்வை போகும் அல்லவா, அதுபோல. ஒரு தூண் வரிசை தப்பி நின்றால் பார்வை முட்டும். எவர்சில்வரில் நடப்பது இதுதான்: இரும்போடு குரோமியமும் நிக்கலும் ஒழுங்கின்றிக் கலந்து நிற்கின்றன. எலெக்ட்ரானுக்கு அடிக்கொரு முட்டல். உலோகத்தில் சூட்டைச் சுமப்பதும் பெரும்பாலும் அதே எலெக்ட்ரான்கள்தான் என்பதால், சூடும் தடைபடுகிறது. செம்பு கடத்தும் சூட்டில் எவர்சில்வர் கடத்துவது இருபத்தைந்தில் ஒரு பங்குதான். பாத்திரத்துக்குச் செம்பு அடி வைப்பது அழகுக்காக இல்லை.

வைரம் இங்கேயும் தனி ரகம். உலவும் எலெக்ட்ரான் இல்லாமலே செம்பைப்போல ஐந்து மடங்கு சூட்டைக் கடத்துகிறது. இறுகப் பிணைந்த லேசான அணுக்களின் அதிர்வே சூட்டை அங்கே தூக்கிக்கொண்டு ஓடுகிறது.

உலோகம் உருகினால் என்ன ஆகும்? தூண் வரிசை முழுதும் குலைந்துவிடுமே. 1945-இல் கிருஷ்ணனும் ஏ.பி.பாட்டியாவும் இதற்கு ஒரு விடை தந்தார்கள். திரவத்தில் அணுக்கள் சிதறிக் கிடக்கும் விதத்தை எக்ஸ் கதிரால் அறியலாம். அதைக்கொண்டே எலெக்ட்ரான் அலை எவ்வளவு சிதறும், மின்தடை எவ்வளவு வரும் என்று கணக்கிடலாம் என்றார்கள். ஒளிச்சிதறலைப் பார்த்துப் பழகிய கண், உலோகத்துக்குள்ளும் சிதறலைத்தான் பார்த்திருக்கிறது.

தெற்காவணி மூல வீதியை ஒட்டிய சந்துகளின் நகைப் பட்டறைகளில் தங்கம் உருக்குவதைப் பார்த்திருப்பீர்கள். கறுப்பு கிராபைட் மூசை கங்குபோலச் சிவந்து, 1064 டிகிரியில் உள்ளே தங்கம் இளகும். தீயின் சூட்டை மூசைச் சுவர் தாண்டிக் கொண்டு சேர்ப்பது கிராபைட் தாள்கள். உள்ளே, இளகி ஓடும் அந்த நொடியில், தங்கத்தின் மின்தடை இரண்டு மடங்குக்கு மேல் எகிறுகிறது. வத்திராயிருப்புக்காரர் ஆராய்ந்த இரண்டு கேள்விகளும் அந்த ஒரே மூசைக்குள் கொதித்துக்கொண்டிருக்கின்றன.