தாளும் சூடும்

சென்ற மாரியிலே, இலக்கணப் பயிற்சித் தாள்களைப் பிரதி செய்து வருமாறு மாணவன் ஒருவனை அனுப்பினோம். சுருண்டனவும் மடிப்பு விழுந்தனவுமாகவே அவன் கொணர்ந்தான். கவனயீனமெனக் கடிந்தோம். குற்றம் அவன்பாலதன்று என்பதைப் பின்னரே அறிந்தோம்.

பிரதி இயந்திரத்துள் தாள் ஈருருளைகளுக்கிடையே நெருக்குண்டு செல்கின்றது. அவற்றுள் ஒன்று 100 பாகை செல்சியசினும் மிக்க சூடுடையது. மைத்தூளிலுள்ள பிளாத்திக்கை உருக்கித் தாளோடு ஒட்டுவிப்பதே அதன் தொழில். ஆயின், மரநாராலாய தாளின் எடையில் நூற்றுக்கு 5 பங்களவு நீருண்டு. நீர் புகுந்தால் நார் நீளத்திற் சிறிதே மாறும். பருமனிலேதான் பெரிதும் வீங்கும். சூடுபட்டதும் அந்நீர் ஆவியாகின்றது. கூடுதலாக உலர்ந்த பக்கம் சுருங்க, தாள் அப்பக்கம் வளைகின்றது.

மடிப்பின் காரணம் வேறு. உறை பிரித்த கட்டிலே மாரிக்காற்றின் ஈரத்தை ஓரங்களே முதலில் உறிஞ்சும். நடுப்பகுதி அவ்வாறே நிற்க, ஓரம் நீண்டு அலையாகும். அவ்வலையை உருளைகள் நசுக்க, அது மாறா மடிப்பாகின்றது. இதனைத் தடுத்தற்குச் சில இயந்திரங்களின் உருளையை உடுக்கைபோல இடை மெலியக் கடைகின்றனர். கண்ணுக்குப் புலப்படாத மெலிவுதான். பருத்த முனைகள் விரைந்திழுப்பதால் தாள் இருபுறமும் விரிந்து செல்கின்றது. உடுக்கைக்கு இப்படியும் ஒரு பயனுண்டென நாம் எண்ணியதில்லை!

அக்கட்டின் உறையைப் பிரித்து யன்னலருகே வைத்தவர் நாமே. அம்மாணவனை அழைத்து அதனைச் சொன்னோம். இப்பொழுது எஞ்சிய தாள்களைப் பொலித்தீன் பையிற் கட்டிவைப்பவன் அவனே.