அந்தமான் கடலின் உள்ளலைகள்

கடல்நீர் மேலிருந்து அடிவரை ஒரே தன்மையுடையதன்று. வெயிலில் சூடேறிய இலேசான நீர் மேலும், குளிர்ந்த அடர்நீர் கீழுமாக அது அடுக்கடுக்காக அமைந்துள்ளது. கொடுமுடிக் காவிரி மூழ்கிய பாறையொன்றைக் கடக்கும்போது, காற்றுக்கும் நீருக்கும் இடைப்பட்ட மேற்பரப்பு மேடுபள்ளமாவது போல, கடலடி மலையைக் கடக்கும் நீரில் அடுக்குகளின் எல்லைகள் ஆழத்திலேயே ஏறி இறங்குகின்றன. இவையே உள்ளலைகள். அடுக்குகளின் அடர்த்தி வேறுபாடு ஆயிரத்தில் சில பங்கே என்பதால், இடம்பெயர்ந்த நீரைப் புவியீர்ப்பு மெல்லத்தான் மீட்கிறது. ஆகவே இவை மேற்பரப்பு அலைகளைவிடப் பன்மடங்கு உயரமாகவும், அவற்றைவிட மெதுவாகவும் எழுகின்றன.

மலையை எதிர்கொள்ளும் பாய்மம் என்ன செய்யும் என்பதை, அதன் வேகமும் மலையின் உயரமும் அடுக்கமைப்பின் உறுதியும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. இவற்றை ஒப்பிடும் அளவே ஃபுரூடு எண் எனப்படும். அது சிறிதாயின் கீழடுக்குகளுக்கு மலையேறும் வலு இராது. அவை தேங்கும், அல்லது பக்கவாட்டில் வழிதேடும். காற்றுக்கும் இவ்விதி பொருந்தும். நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் மேலேற வலுவற்ற தென்மேற்குப் பருவக்காற்றின் ஒரு பகுதி, சுமார் 30 கி.மீ. அகலமுள்ள பாலக்காட்டுக் கணவாய் வழியே விரைந்து வந்தே பல்லடம், உடுமலைப் பகுதிகளின் காற்றாலைகளைச் சுழற்றுகிறது.

அந்தமான், நிக்கோபார் தீவுகள் உண்மையில் ஒரு நெடிய கடலடி மலைத்தொடரின் சிகரங்கள். அவற்றிடையே, பத்து டிகிரி கால்வாய் போன்ற திறப்புகளின் வழியே, ஏறத்தாழ 12 மணி 25 நிமிடத்துக்கு ஒருமுறை ஓதநீர் முன்னும் பின்னுமாகப் பாய்கிறது. முகட்டைத் தாண்டி நீர் இறங்கும் பக்கத்தில் அடுக்கெல்லை ஆழமாகத் தாழ்ந்து, நீரோட்டம் வலுவாக இருக்கும்வரை அங்கேயே நிற்கிறது. ஓதம் தளர்ந்து திசை மாறும்போது அத்தாழ்வு விடுபட்டு, எதிர்ப்பக்கமாக முகட்டைக் கடந்து, தனித்தனி அலைகளின் தொடராகப் பிரிந்து விநாடிக்குச் சுமார் 2 மீட்டர் வேகத்தில் சில நூறு கி.மீ. பயணம் செய்கிறது. ஆஸ்போர்ன், பர்ச் என்னும் ஆய்வாளர்கள் 1980இல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்ட அளவீடுகளில், இவ்வலைகளின் வீச்சு 60 மீட்டரைத் தாண்டியது. இத்தனை பெரிய அசைவு நிகழும்போதும், மேலே தெரிவது சலசலப்பான நீர்ப்பட்டைகள் மட்டுமே. 1975இல் அப்போலோ–சோயூஸ் விண்பயணிகள் எடுத்த படங்களில் அப்பட்டைகள் தெளிவாகப் பதிந்தன.

இந்த அலைகளால் நன்மையும் உண்டு என்பது மிகுந்த கவனத்துக்குரியது. தாய்லாந்தின் சிமிலான் தீவுகளை அடையும்போது, அவை ஆழத்துக் குளிர்நீரைப் பவளப்பாறைகளின்மீது ஏற்றுகின்றன. 2010இல் கடல் வெப்பத்தால் பவளங்கள் வெளிறியபோது, உள்ளலைகளை நேரே எதிர்கொள்ளும் மேற்குப்பக்கப் பவளங்கள், மறைவான கிழக்குப்பக்கப் பவளங்களைவிடக் குறைவாகவே பாதிக்கப்பட்டன.