ராஜா ஏன் அப்பிடிக் கதைக்கிறார்?

எங்கட வீட்டில் 'பிளாக் பந்தர்' படத்தை எத்தனை முறை போட்டிருப்போம் என்று கணக்கே இல்லை. மகனுக்கு ஒன்பது வயது. அவனுக்கு அந்தக் கறுப்பு உடுப்பும் நகமும் காணும். பன்னிரண்டு வயது மகள்தான் போன மாதம் படத்தைப் பாதியில் நிறுத்திவிட்டுக் கேட்டாள்: "அம்மா, இவர் அமெரிக்கன்தானே? பிறகு ராஜா ஏன் இப்பிடிக் கதைக்கிறார்?"

சட்விக் போஸ்மன் அமெரிக்கர்தான். 1976இல் தென் கரோலைனாவில் அண்டர்சன் என்ற ஊரில் பிறந்தவர். தாய் ஒரு தாதி, தகப்பன் துணி ஆலையில் வேலை செய்தவர். வாஷிங்டனில் கறுப்பின மாணவர்களுக்குப் பேர்போன ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் நெறியாள்கை படித்தார். வீட்டில் அவர் பேசியது எங்கள் பிள்ளைகள் தினமும் கேட்கிற வட அமெரிக்க இங்கிலிஷ்தான். படத்தில் வருகிற அந்தப் பேச்சு அவர் பிடிவாதம் பிடித்து வாங்கியது.

2016இல் வந்த 'கப்டன் அமெரிக்கா: சிவில் வோர்' படத்தில்தான் வக்காண்டா இளவரசன் ட்சாலா முதன்முதலாகத் திரைக்கு வந்தான். அமெரிக்க உச்சரிப்பு அல்லது பிரிட்டிஷ் உச்சரிப்பு வைத்தால் என்ன என்றுதான் ஆரம்பத்தில் யோசனை இருந்ததாம். ஆபிரிக்க உச்சரிப்பில் ஒரு முழுப் படத்தைச் சனம் இருந்து கேட்குமா என்ற பயம். போஸ்மன் இதைப் பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அவருடைய நியாயம் நேரானது. வக்காண்டாவை எந்த வெள்ளைக்காரனும் பிடித்து ஆண்டதில்லை. அப்படியென்றால் அந்த நாட்டு ராஜா லண்டனில் படித்தவர் மாதிரி ஏன் பேசவேண்டும்? ஒரு நாட்டின் தொழில்நுட்பம் உலகத்தையே முந்தி நிற்கிறது என்று காட்டிவிட்டு, அதன் ராஜாவின் வாயில் மட்டும் வேறொருவன் குரலை வைத்தால் கதையே பொய்யாகிவிடும்.

அந்தப் படத்தில் அவருக்குத் தகப்பனாக நடித்தவர் ஜோன் கானி. தென்னாபிரிக்காவின் பெரிய நாடகக் கலைஞர், கோசா மொழி அவருக்குத் தாய்மொழி. நெல்சன் மண்டேலாவின் தாய்மொழியும் அதுதான். நாக்கைச் சுண்டி எழுப்புகிற சத்தங்கள் அதில் வரும். போஸ்மன் கானியிடம் வசனங்களைக் கேட்டுப் பாடமாக்கினார், தகப்பனும் மகனும் அந்த மொழியில் இரண்டு வார்த்தை பேசினார்கள், அப்படியே அது வக்காண்டாவின் மொழியாகிவிட்டது. வக்காண்டா இருப்பதாகச் சொல்வது கிழக்கு ஆபிரிக்கப் பக்கம், கோசா பேசுவது தெற்கே. புவியியல் ஆசிரியர்கள் மன்னிக்கவேண்டும், கற்பனை நாடுதானே.

2018இல் 'பிளாக் பந்தர்' தனிப் படமாக வந்தபோது மற்ற நடிகர்களும் அதே வழியில் பழகினார்கள். படம் உலகம் முழுக்க 1.3 பில்லியன் டொலருக்கு மேல் வசூலித்தது. சிறந்த படத்துக்கான ஒஸ்கார் பட்டியலில் இடம்பிடித்த முதல் சூப்பர் ஹீரோ படமும் அதுதான். மூன்று ஒஸ்கார்களும் கிடைத்தன. சனம் இருந்து கேட்டது.

மகளுக்கு இவ்வளவையும் அன்றைக்கு நான் சொல்லவில்லை. "அவர் அப்பிடித்தான் கதைப்பன் எண்டு நிண்டவராம்" என்று சுருக்கமாகச் சொன்னேன். ஆனால் அவள் கேட்ட கேள்வி எனக்குள் வேறொரு இடத்தைத் தொட்டது. அதைச் சொல்லத்தான் வேண்டும்.

பிள்ளைகளைப் பாடசாலையில் இருந்து கூட்டிவருவது என்ர அம்மா. ஒருநாள் மகள் அவவிடம் மெதுவாகச் சொல்லியிருக்கிறாள்: "அம்மம்மா, என்ர பிரெண்ட்ஸுக்கு முன்னால இங்கிலிஷ் கதைக்க வேண்டாம். தமிழிலயே கதையுங்கோ." கவனித்துப் பாருங்கோ, தமிழ் அவளுக்கு வெட்கமில்லை. தமிழ் இன்னொரு மொழி, அதற்கு ஒரு மரியாதை உண்டு. அம்மம்மாவின் இங்கிலிஷ்தான் பிரச்சினை. தமிழ்ச் சத்தம் கலந்த அந்த இங்கிலிஷை வைத்துக்கொண்டு என்ர அம்மா இருபது வருசம் தொழிற்சாலையில் வேலை செய்தவ, வங்கியில் கடன் எடுத்தவ, எங்களை வைத்தியரிடம் கொண்டுபோனவ. அதற்குப் பிறகு சில நாள் அவ பாடசாலை வாசலில் பேசாமலே நின்றிருக்கிறா.

எங்கள் தலைமுறைக்கு இது எங்கே இருந்து வந்தது என்று தெரியும். இங்கே பிறந்து வளர்ந்த எங்களுக்குப் பள்ளியில் ஒரு பட்டப்பெயர் தயாராக இருந்தது. 'சிம்ப்சன்ஸ்' கார்ட்டூனில் வந்த கடைக்காரர் அப்பு. அந்தக் குரலைக் கொடுத்த ஹாங்க் அசாரியா இந்தியர் இல்லை. முப்பது வருசம் அப்புவாகப் பேசிவிட்டு, இனிப் பேசமாட்டேன் என்று அவர் அறிவித்தது 2020இல்தான். அதற்குள் எங்கள் வகுப்பில் எத்தனை பேர் எங்கள் அப்பாமாரின் பேச்சைப் பகிடி பண்ணி முடித்துவிட்டார்கள்!

போஸ்மன் செய்ததின் கனம் இங்கேதான் விளங்குகிறது. 'பிளாக் பந்தர்' படத்தில் கோசா வசனங்கள் கொஞ்சம்தான். முக்கால்வாசிக்கு மேல் அவர் பேசுவது இங்கிலிஷ். அந்த இங்கிலிஷுக்குள் இன்னொரு மொழியின் சத்தம் இருக்கிறது, அதைப் பேசுகிறவன் ராஜாவாக இருக்கிறான், ஒருவரும் சிரிக்கவில்லை. உச்சரிப்பு என்பது இன்னும் சரிவரப் படிக்காத இங்கிலிஷ் என்றுதான் எங்கள் பிள்ளைகள் நினைக்கிறார்கள். அதற்குள் ஒரு ஊர் இருக்கிறது என்று ஒரு சூப்பர் ஹீரோ படம் காட்டியது எனக்குப் பெரிய உதவி. நான் சொன்னால் அது அட்வைஸ். ட்சாலா சொன்னால் அது படம்.

இந்த நடிகர் வக்காண்டாவுக்கு வெறுங்கையோடு வரவில்லை. உண்மையில் வாழ்ந்த மனிதர்களைச் சுமந்து பழகிவிட்டுத்தான் வந்தார். அதில் பிள்ளைகளோடு முதலில் பார்க்கவேண்டியது '42'. 2013இல் வந்தது. ஜக்கி ரொபின்சனின் கதை. வெள்ளையர் மட்டும் விளையாடிய பெரிய பேஸ்போல் லீக்கில் 1947 ஏப்ரல் 15ஆம் திகதி புரூக்லின் டொஜர்ஸ் அணிக்காக இறங்கிய கறுப்பின வீரர். அதற்கு முந்தின வருசம் அவர் விளையாடியது எங்கள் மொன்றியலில், ரோயல்ஸ் அணிக்கு. கனடாவில் இருக்கிறவர்கள் பிள்ளைகளுக்கு இதைக் கட்டாயம் சொல்லலாம்.

ரொபின்சனை அணியில் எடுத்த பிராஞ்ச் ரிக்கி போட்ட நிபந்தனை ஒன்றுதான்: என்ன சொன்னாலும் திருப்பி அடிக்கக்கூடாது. ரிக்கியாக ஹரிசன் போர்ட் நடிக்கிறார். படத்தின் நடுவில் ஒரு காட்சி. பிலடெல்பியா அணியின் மனேஜர் மைதான ஓரத்தில் நின்று ரொபின்சனை இனத்தைச் சொல்லி, வாயில் வராத வார்த்தையெல்லாம் சொல்லித் திட்டிக்கொண்டே இருக்கிறான். நிறுத்துவதாக இல்லை. போஸ்மன் மட்டையைப் பிடித்தபடி நிற்கிறார், முகத்தில் ஒன்றும் இல்லை, தாடை மட்டும் இறுகுகிறது. பிறகு ஒருவரும் பார்க்காத சுரங்கப் பாதைக்குள் போய் மட்டையைச் சுவரில் அடித்து நொறுக்குகிறார். திரும்பி வந்து விளையாடுகிறார். அந்தக் கெட்ட வார்த்தை அந்தக் காட்சியில் பல தடவை வரும், அதனால் சின்னப் பிள்ளைகளோடு பார்க்கும்போது பக்கத்தில் இருங்கோ. நாங்கள் படத்தை நிறுத்தி, அந்தச் சொல் எங்கே இருந்து வந்தது, நாங்கள் ஏன் அதைச் சொல்வதில்லை என்று பேசினோம். மகன் கேட்டது: "அப்ப அவர் ஏன் ஒருதரிட்டயும் சொல்லிக் குடுக்கேல்ல?" யாரிடம் சொல்லுவது?

அடுத்த வருசமே 'கெட் ஓன் அப்'. பாடகர் ஜேம்ஸ் பிரவுனின் வாழ்க்கை. ரொபின்சன் வாயை மூடிக்கொண்டவர் என்றால் பிரவுனின் வாய் மூடுவதே இல்லை. பாட்டுகள் பெரும்பாலும் பிரவுனின் சொந்தப் பதிவுகள். ஆட்டம் முழுக்கப் போஸ்மனுடையது. இளம் பெடியனில் இருந்து அறுபது தாண்டும் வரை ஒரே ஆள். படம் என்னவோ முன்னும் பின்னும் தாவித் தாவிக் கொஞ்சம் களைப்பாக்கும். ஆட்டத்துக்காகவே பார்க்கலாம்.

'மார்ஷல்' 2017இல். அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதியான தேர்குட் மார்ஷலின் இளவயது வழக்கு ஒன்று. கனெற்றிகட் மாநிலத்து நீதிபதி, வெளி மாநில வழக்கறிஞரான மார்ஷல் நீதிமன்றத்தில் வாய் திறக்கக்கூடாது என்று உத்தரவு போட்டுவிடுகிறார். அனுபவமில்லாத உள்ளூர் வழக்கறிஞர் எழுந்து பேச, மார்ஷல் பக்கத்தில் குந்தியிருந்து துண்டில் எழுதிக் கொடுக்கிறார். அறையில் இருக்கிறவர்களில் ஆகக் கெட்டிக்காரனுக்குத்தான் பேச அனுமதியில்லை. எங்கள் பெற்றோரின் முதல் வேலை இடங்களை நினைத்துக்கொண்டு நான் இதைப் பார்த்தேன்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் நடந்த ஒரு சம்பவத்தை 2018இல் ஹோவர்ட் பட்டமளிப்பு விழாவில் அவரே சொன்னார். படித்து முடித்த புதிதில் ஒரு தொலைக்காட்சித் தொடரில் நல்ல சம்பளத்துக்கு வேடம் கிடைத்தது. தெருக் கும்பலோடு திரிகிற கறுப்பினப் பெடியன். போஸ்மன் தயாரிப்பாளர்களிடம் கேட்டார்: இவனுடைய அப்பா எங்கே? விட்டுவிட்டுப் போய்விட்டார். அம்மா? போதைப்பொருள். இதற்கு மேல் ஒன்றும் யோசிக்கவில்லையா என்று கேட்டதற்கு வேலை போய்விட்டது. அந்த வேடம் பிறகு மைக்கல் பி. ஜோர்டனுக்குப் போனது. 'பிளாக் பந்தர்' படத்தில் கில்மொங்கராக வருகிறாரே, அவரேதான்.

கில்மொங்கரைப் பற்றிக் கொஞ்சம் நிற்கவேண்டும். எங்கள் பிள்ளைகள் ட்சாலாவின் முகமூடியைப் போட்டுக்கொண்டு ஓடினாலும் அவர்களுடைய நிலைமை கில்மொங்கரோடுதான் ஒத்துப்போகிறது. தகப்பன் வக்காண்டா, மகன் பிறந்து வளர்ந்தது கலிபோர்னியாவின் ஓக்லண்டில். அப்பா சொல்லி அறிந்த ஊர். அங்கே சூரியன் மறைவது உலகத்திலேயே வடிவானது என்று கேட்டு வளர்ந்த பெடியன். அரசவைக்குள் விலங்கோடு வந்து நிற்கிறான், பேச்செல்லாம் அமெரிக்கப் பேச்சு. யார் நீ என்று கேட்டபோது மட்டும் தன் பெயரையும் தகப்பன் பெயரையும் அந்த ஊர் மொழியில் சொல்கிறான். அந்த இடத்தில் எனக்கு ஒவ்வொரு முறையும் தொண்டை அடைக்கும்.

போஸ்மனின் நடிப்பில் எனக்குப் பிடித்தது சண்டைகள் இல்லை. செத்துப்போன தகப்பனைக் கனவுலகில் சந்திக்கிற இரண்டாவது காட்சி. அந்தப் பிள்ளையை ஏன் அங்கேயே விட்டுவிட்டு வந்தீர்கள் என்று கேட்கிறான். கும்பிட்ட தகப்பனைப் பார்த்து, நீங்கள் செய்தது பிழை என்று சொல்லுகிற மகன். குரல் உயர்கிறது, கண் கலங்குகிறது, மரியாதை போகவில்லை. எங்கள் வீடுகளில் இப்படி ஒரு பேச்சு நடந்திருந்தால் எவ்வளவோ நல்லது.

2020 ஓகஸ்ட் 28ஆம் திகதி அவர் இறந்தார். வயது 43. பெருங்குடல் புற்றுநோய். 2016இலேயே கண்டுபிடிக்கப்பட்டது, வெளியே சொல்லவில்லை. 'மார்ஷல்' தொடக்கம் கடைசிப் படங்கள் வரை சத்திரசிகிச்சைகளுக்கும் மருந்தேற்றலுக்கும் நடுவில்தான் நடித்தார் என்று குடும்பம் அறிவித்தபோதுதான் உலகத்துக்குத் தெரிந்தது. பேஸ்போல் லீக் வருசா வருசம் ஏப்ரலில் கொண்டாடுகிற ஜக்கி ரொபின்சன் தினம், கொரோனாவால் அந்த வருசம் தள்ளிப்போய், அன்றைக்குத்தான் நடந்துகொண்டிருந்தது. வீரர்கள் எல்லோரும் 42ஆம் இலக்கச் சட்டையோடு இருந்தார்கள்.

கடைசிப் படம் 'மா ரெய்னிஸ் பிளாக் பொட்டம்'. 1927 சிக்காகோ, ஒரு பாட்டுப் பதிவுக்கூடம், லெவி என்ற இளம் ட்ரம்பெட் கலைஞன். உடம்பு மெலிந்திருப்பது தெரியும், ஆனால் அந்தக் கோபம்! சின்ன வயதில் தாய்க்கு நடந்ததைச் சொல்லிவிட்டுக் கடவுளைப் பார்த்துக் கத்துகிற இடத்தில் நான் எழுந்து அறைக்குள் நடந்தேன். பயிற்சி அறையில் திறக்காத கதவு ஒன்று இருக்கும். லெவி அதை உதைத்து உதைத்துக் கடைசியில் திறந்தால் வெளியே நாலு பக்கமும் செங்கல் சுவர். இதற்கு கோல்டன் குளோப் கொடுத்தார்கள், ஒஸ்கார் கொடுக்கவில்லை. எனக்கு இன்னும் ஆறவில்லை.

வீட்டில் பார்க்க நினைப்பவர்களுக்கு: '42'ஐ பத்து வயதுக்கு மேல் பெற்றோரோடு பார்க்கலாம் என்பது என் அபிப்பிராயம். 'மார்ஷல்' படத்தில் வழக்கே பாலியல் வன்முறைக் குற்றச்சாட்டு, அதனால் பதினாலு பதினைந்து வரட்டும். 'மா ரெய்னி' முற்றிலும் பெரியவர்களுக்கு. ஒன்றரை மணித்தியாலத்துக்குச் சற்று மேல்தான். பிள்ளைகள் படுத்த பிறகு பாருங்கோ. 'பிளாக் பந்தர்' படத்தை ஒருமுறை அம்மம்மா, அப்பப்பாவையும் இருத்தி வைத்துப் பாருங்கோ. என்ர அம்மா முழுவதும் பார்த்துவிட்டுச் சொன்னா: "ராசா கதைக்கிறது எனக்கு நல்லா விளங்குது."