தஞ்சாவூர் – சென்னை இடையேயான தொலைவு

தஞ்சாவூருக்கும் சென்னைக்கும் இடையேயான தொலைவு, அளக்கும் முறையையும் செல்லும் வழியையும் பொறுத்து ஏறத்தாழ 282 கி.மீ முதல் 390 கி.மீ வரை வேறுபடுகிறது. காவிரிக் கழிமுகப் பகுதியின் ஆறுகள், அவற்றைக் கடக்கும் இடங்கள், தொடர்வண்டிப் பாதைகள் அமைந்த வரலாறு ஆகியன இவ்வேறுபாட்டிற்குக் காரணங்கள் ஆகும்.

நேர்கோட்டுத் தொலைவு

புவிப்பரப்பில் இரு இடங்களுக்கு இடையேயான மிகக் குறுகிய தொலைவு பெருவட்டத் தொலைவு எனப்படும். வழக்கில் இது வான்வழித் தொலைவு எனப்படுகிறது. தஞ்சாவூர் 10.79° வட அகலாங்கிலும் 79.14° கிழக்கு நெட்டாங்கிலும், சென்னை 13.08° வட அகலாங்கிலும் 80.27° கிழக்கு நெட்டாங்கிலும் அமைந்துள்ளன. அகலாங்கு வேறுபாடு 2.29° ஆகும், ஒரு பாகை ஏறத்தாழ 111 கி.மீ என்பதால் இது 254 கி.மீ. நெட்டாங்கு வேறுபாடு 1.13° ஆகும், இப்பகுதியில் ஒரு பாகை ஏறத்தாழ 109 கி.மீ என்பதால் இது 123 கி.மீ. இவ்விரண்டையும் செங்கோண முக்கோணத்தின் பக்கங்களாகக் கொண்டால் கர்ணம் ஏறத்தாழ 282 கி.மீ ஆகும். சிறு தொலைவுகளுக்கு இக்கணக்கீடு போதுமானது.

சாலை வழி

கும்பகோணம், அணைக்கரை, சேத்தியாத்தோப்பு, நெய்வேலி, பண்ருட்டி, விக்கிரவாண்டி வழியாகச் செல்லும் சாலை ஏறத்தாழ 320 முதல் 340 கி.மீ நீளமுடையது. இதில் தஞ்சாவூர் – விக்கிரவாண்டிப் பகுதி முன்னர் தேசிய நெடுஞ்சாலை 45சி எனவும், தற்போது 36 எனவும் எண்ணிடப்பட்டுள்ளது. வடக்கே செல்லும் எச்சாலையும் கொள்ளிடத்தைக் கடந்தாக வேண்டும். அணைக்கரையில் 1836 இல் ஆர்தர் காட்டன் கட்டிய கீழணை, பாசனத்திற்காக எழுப்பப்பட்டதாயினும் ஆற்றைக் கடக்கும் வழியாகவும் பயன்பட்டது. அப்பழைய பாலத்தில் கனரக வாகனங்கள் தடுக்கப்பட்ட காலங்களில் அவை சுற்றுவழியில் செல்ல நேர்ந்தது. திருச்சிராப்பள்ளி வழியாகச் சென்றால் தொலைவு ஏறத்தாழ 380 கி.மீ ஆகும்.

தொடர்வண்டி வழி

தஞ்சாவூரின் முதல் தொடர்வண்டிப் பாதை 1860களின் தொடக்கத்தில் நாகப்பட்டினம் துறைமுகத்தை நோக்கி அமைந்தது. சென்னையை நோக்கி அன்று. பின்னர் மயிலாடுதுறை, சிதம்பரம், விழுப்புரம் வழியாகச் சென்னைக்கு இணைப்புக் கிடைத்தது. மெயின் லைன் எனப்படும் இப்பாதையில் தொலைவு ஏறத்தாழ 350 கி.மீ. விருத்தாசலம் வழியாகத் திருச்சிராப்பள்ளியை அடையும் கார்டு லைன் 1920களின் இறுதியில் அமைக்கப்பட்டது. சென்னை – திருச்சிராப்பள்ளி தொலைவு இதனால் குறைந்தது. ஆனால் இவ்வழியே தஞ்சாவூரை அடைய ஏறத்தாழ 387 கி.மீ செல்ல வேண்டும்.

விழுப்புரம் – மயிலாடுதுறைப் பாதை அகலப்பாதையாக மாற்றப்பட்டு 2010 இல் திறக்கப்பட்டது. அப்பணிக்காகப் பாதை மூடப்பட்டிருந்த ஆண்டுகளில் சென்னைக்குத் தொடர்வண்டியில் செல்வோர் திருச்சிராப்பள்ளி வழியையே நாட வேண்டியிருந்தது. நகரங்களின் நேர்கோட்டுத் தொலைவு மாறாதபோதும் பயணத் தொலைவு ஏறத்தாழ 37 கி.மீ கூடியது.

வான் வழி

தஞ்சாவூரில் 2013 இல் திறக்கப்பட்ட தளம் இந்திய வான்படையுடையது. பயணிகளுக்கு அருகிலுள்ள வானூர்தி நிலையம் ஏறத்தாழ 55 கி.மீ மேற்கே திருச்சிராப்பள்ளியில் உள்ளது. அங்கிருந்து சென்னை வானூர்தி நிலையம் நேர்கோட்டில் ஏறத்தாழ 293 கி.மீ ஆகும். எனவே வானூர்தியில் செல்பவரும் மொத்தம் 350 கி.மீ அளவு பயணம் செய்கிறார். வான்வழித் தொலைவு என்பது வானூர்திப் பயணத் தொலைவு அன்று என்பதற்கு இது எடுத்துக்காட்டாகும்.