நூலை எண்ணினால் பூ மலரும்!

எங்கள் வெண்ணந்தூர் நெசவுக்குப் பெயர் பெற்ற ஊர். நீளவாக்கில் ஓடும் நூல் பாவு, குறுக்கே ஓடும் நூல் ஊடை என்பது இங்குள்ள சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும். இந்த நூல்களை எண்ணி எண்ணியே துணியில் கோலம் போடுகிறவர்கள் நீலகிரி மலையில் இருக்கிறார்கள். அவர்கள்தான் தோடர்கள்.

எருமை வளர்ப்பது தோடர்களின் பரம்பரைத் தொழில். மொத்தமே சுமார் 2,000 பேர்தான். அவர்கள் வாழும் சிற்றூருக்கு 'மந்து' என்று பெயர். ஆணும் பெண்ணும் போர்த்திக்கொள்ளும் சால்வைக்கு 'பூத்துக்குளி' என்று பெயர். வெள்ளைப் பருத்தித் துணியில் சிவப்பு, கறுப்பு நூலால் செய்த எம்பிராய்டரி அதில் இருக்கும். இறந்தவரையும் பூத்துக்குளி போர்த்தியே வழியனுப்புவார்கள்.

ஒரு வியப்பான செய்தி! தோடர்கள் துணி நெய்வதில்லை. சமவெளியில் நெய்த துணியைத்தான் வாங்குகிறார்கள். தறி கீழே, ஊசி மேலே!

தோடப் பெண்கள் துணியில் பென்சிலால் வரைவதில்லை. அச்சும் வைப்பதில்லை. இத்தனை இழையை விடு, இத்தனை இழைக்கு அடியில் ஊசியை நுழை என்று எல்லாம் மனக்கணக்குத்தான். எருமைக் கொம்பு, சூரியன், சந்திரன் எல்லாம் இப்படித்தான் பிறக்கின்றன. முடிந்த பிறகு பார்த்தால் தறியிலேயே நெய்தது போலத் தோன்றும்.

எண்ண வேண்டுமானால் இழை கண்ணுக்குத் தெரிய வேண்டும் அல்லவா? அதனால்தான் முரட்டுத் துணியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். நெசவாளர் சீராக நெய்தால்தான் தோடப் பெண்ணின் கணக்கும் சரியாக வரும்.

நீங்களும் செய்து பாருங்கள். கட்டம் போட்ட கணக்கு நோட்டில் முதல் வரிசையில் 1 கட்டம், அடுத்து 3, 5, 7, பிறகு 5, 3, 1 என்று நடுவில் அமையுமாறு வண்ணம் தீட்டுங்கள். 25 கட்டங்களில் அழகான வைரம் கிடைக்கும். ஒரு வரிசையை ஒரு கட்டம் தள்ளிப் போட்டால் வைரம் கோணலாகிவிடும். நோட்டில் ரப்பரால் அழிக்கலாம். துணியிலோ தையலைப் பிரித்து மறுபடி எண்ண வேண்டும்! ஒரு பெரிய சால்வை முடியப் பல வாரங்கள் ஆகும்.

இயந்திரத்தில் செய்ததையும் 'தோடர் வேலைப்பாடு' என்று சொல்லி விற்றால், அத்தனை நாள் உழைத்தவருக்குக் கூலி ஏது? இந்தக் கலையைக் காக்க 2013-ஆம் ஆண்டு இதற்குப் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. இது தாயிடம் மகள் கற்கும் கலை. கூலி கிடைக்காவிட்டால் எந்த மகள் கற்க முன்வருவாள்?

ஊட்டிக்குச் சுற்றுலா போனால் பூத்துக்குளியைத் தொட்டுப் பாருங்கள். ஊசி வேலை விரலில் மேடாகத் தட்டுப்படும். அச்சடித்த பூ அப்படித் தட்டுப்படாது. நல்லதை அடையாளம் கண்டு கேட்டு வாங்குங்கள். மலையில் ஊசி ஓடினால், கீழே தறியும் ஓடும்!